செல்லியம்மாளின் கணவர் சைக்கிளோடு சாய்ந்தார்

பிள்ளையார்பாளையத்தில் வடிவாம்பாளைப் பற்றி ஆண்களிடம் விசாரித்தால், "வாய் நீளம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பெண்களிடம் விசாரித்தால் முதலில் சிரிப்பார்கள், பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொல்வார்கள். நான் கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று கேட்டவன். ஊர் வம்பு கேட்பதுதான் எனக்குத் தொழில். காஞ்சிபுரத்தில் அப்போது வெள்ளிக்கிழமை தோறும் வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகைக்குச் செய்தி சேகரித்துக் கொடுத்தவன் நான்தான். எட்டாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்த எனக்கு அதைவிடப் பொருத்தமான வேலை வேறு கிடையாது.

வடிவாம்பாள் கூரத்துப் பெண். அப்பா பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவர். மணி அடிப்பவர் மகள் வீட்டில் இருந்தால் நன்றாயிருக்குமா என்று எட்டாவது வரை படிக்க வைத்தார். அவள் ஒரே தடவையில் தேறினாள். பதினாறு வயதில் முனுசாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வந்த மூன்றாம் மாதமே தறியில் உட்கார்ந்துவிட்டாள்.

அது கோர்வைச் சேலை நெய்கிற தறி. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற நாடா மூன்று வேண்டும். பள்ளத்தில் காலை விட்டு நடுவில் உட்காருகிறவர் உடலையும் ஒரு கரையையும் பார்த்துக்கொள்வார். மறு கரைக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, நாடாவைப் போட்டு, இரண்டு நிற நூலையும் ஒன்றோடொன்று கோத்துத் தர வேண்டும். ஒரு இழை தப்பினால் கரை தனியாகக் கையோடு வந்துவிடும். அந்த மறு கரையில் வடிவாம்பாள் பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. நெய்த சேலையைச் சுருட்டும்போது ஜரிகை உரசாமலிருக்க நடுவே பழைய பேப்பர் வைப்பார்கள். எல்லாரும் வைப்பார்கள், இவள் படித்துவிட்டு வைப்பாள். முனுசாமி, "ஜரிகை காத்துக்கினு இருக்குதுமா" என்பார். "இருக்கட்டும், கொலைகாரன் இன்னும் ஆப்டல" என்பாள்.

எழுபத்திரண்டாம் வருஷம் அவர்கள் வீட்டுச் சேலை ஒன்றுக்குச் சென்னைப் பொருட்காட்சியில் பரிசு கிடைத்தது. அரக்கு உடல், மாம்பழக் கலர் கரை. நான் நோட்டோடும் ஒரு போட்டோக்காரனோடும் போனேன். முனுசாமியும் வடிவாம்பாளும் தறியில் இருந்தார்கள். முனுசாமியிடம் வயசு கேட்டேன், அப்பா பெயர் கேட்டேன், பரிசு வாங்கியபோது மனசு எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் பாவம், ஒவ்வொரு கேள்விக்கும் மனைவி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். போட்டோக்காரன், "அம்மா, உங்க நெழலு வுழுது, கொஞ்சம் எறங்கிக்கிறீங்களா?" என்றான். அவள் இறங்கிக்கொண்டாள். எங்களுக்குக் காப்பியும் அவளே கொண்டுவந்தாள். காப்பி நன்றாக இருந்தது.

நான் முசரவாக்கத்துக்காரன். நெல்லைத் தெரியும், தறியைத் தெரியாது. பத்திரிகை ஆசிரியர் சக்ரவர்த்தி சின்ன காஞ்சிபுரத்துக்காரர். அவருக்குப் பிரபந்தம் தெரியும், தறி தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து, "யாருடைய துணையுமின்றித் தனி ஒருவராகக் கோர்வைச் சேலை நெய்து சாதனை" என்று நாலு பத்தி அகலத்துக்குப் போட்டோம். சென்னையில் பிளாக் செய்து படமும் போட்டோம். படத்தில் முனுசாமி சிரிக்கிறார். பக்கத்தில் ஆள் இல்லாத இடம், அங்கே ஒரு நாடா சும்மா கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே தெரு சிரித்துவிட்டது.

"முனுசாமிக்கு மூணாவது கை எங்க முளைச்சுதுன்னு கேட்டியாபா?"

"பல்லால இழுத்துப் போட்டிருப்பாரு. பேப்பர்காரனுக்கு இன்னா தெரியும்!"

வடிவாம்பாளும் சேர்ந்து சிரித்தாள். பேப்பரை மடித்துத் தறிப் பக்கத்தில் செருகி வைத்தாள். அந்தச் சிரிப்பு ஒரு மாதம் தாங்கியது.

செப்டம்பரில் நெசவாளர் சங்கத்தில் புது உறுப்பினர் சேர்க்கிறார்கள் என்று அறிவித்தார்கள். முப்பதாம் தேதி கடைசி. சங்கத்தில் உறுப்பினராக இருந்தால்தான் பட்டும் ஜரிகையும் கிடைக்கும். முனுசாமி உறுப்பினர். அவள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். எதிர்வீட்டைக் காட்டினாள். அங்கே பூவம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். இருபது வருஷம் புருஷனோடு கோர்வை போட்டவள். அவர் காமாலையில் போனதும், உறுப்பினர் காலமாகிவிட்டார் என்று சங்கம் பட்டை நிறுத்திவிட்டது. தறி மேல் துணி போட்டு மூடியிருந்தது. பூவம்மாள் அடுத்த தெருவில் யார் வீட்டுக்கோ நூல் இழைத்துக்கொண்டிருந்தாள்.

வடிவாம்பாள் விண்ணப்பத்தோடு போனபோது காரியதரிசி அப்பாதுரை சண்டை போடவில்லை. சிரித்த முகம் அவருக்கு. மேசை இழுப்பறையைத் திறந்து எங்கள் பத்திரிகையை எடுத்து விரித்தார்.

"நெய்யறவங்களத்தாம்மா சேக்க முடியும். பாரு, உங்க வூட்டுக்காரரு யார் துணையும் இல்லாம தனியா நெஞ்சாருன்னு அச்சுல போட்டிருக்குது. நீ நெய்யறேன்னு நான் எப்படி எழுதுவேன்?"

அவள் அங்கிருந்து நேராக என்னிடம் வந்தாள். டீக்கடை பெஞ்சில் நாலு ஆம்பிளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். பேப்பரை என் மடியில் போட்டாள்.

"பழனிண்ணா, இந்த பொய்ய எழுதினது நீயா, உன் ஆசிரியரா?"

"பொய்யின்னு சொல்லாதம்மா. சொம்மா ஒரு அலங்காரம்."

"உன் அலங்காரம் என் தறிய தூக்கிக்கினு போவப் போவுது. ஆறு வருஷமா உன் பேப்பர சேலைக்குள்ள சுருட்டறேன். பொம்பள எப்பண்ணா அதுல வர்றா? கெணத்துல வுழுந்தா வர்றா. ஸ்டவ் வெடிச்சா வர்றா. எவன் கூடவாவது ஓடிட்டா, மொத பக்கத்துல வர்றா. இவ்ளோ நாள்ல வாயத் தொறந்து ஒரு பொம்பள பேசினான்னு ஒரு வரி இருக்குதா? காட்டு."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் டம்ளருக்குள் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். டீ முடிந்து போயிருந்தது.

சக்ரவர்த்தியிடம் கூட்டிக்கொண்டு போனேன். அச்சகத்தின் முன் அறைதான் ஆபீஸ். பின்னால் ஒரு திரை, திரைக்கு அந்தப்புறம் வீடு. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுக்கொண்டு பொறுமையாகத்தான் பேசினார்.

"மறுப்புப் போடறதுல எனக்கு ஆட்சேபம் இல்லை. பரிசு வாங்கினவர் வந்து சொல்லட்டும். 'என் மனைவியும் உதவினாள்'னு ஒரு வரி சேர்த்துடறேன்."

கூடவே வந்த முனுசாமி வாசலிலேயே நின்றிருந்தார். "நான் சொல்லிட்றேன் சாமி" என்று உள்ளே வந்தார். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வடிவாம்பாள்தான் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ சொம்மா இருய்யா. நீ சொன்னா அது உன் சேதி. நெஞ்சது நானு, பறிகொடுக்கப் போறது நானு, என்னைக் கேட்டு எழுதச் சொல்லு. அப்புறம் உதவின்னு போட்டா நான் ஒத்துக்க மாட்டேன். பாதி சேலைக்குப் பேரு உதவியா?"

"ஸ்திரீகள் சொன்னதா மேற்கோள் போடற வழக்கம் நம்ம பத்திரிகையில கிடையாதும்மா" என்றார் சக்ரவர்த்தி.

"சரிங்க. உங்க வழக்கத்த நீங்க வச்சுக்கோங்க. எழுதறதுக்கு உங்க பேப்பர் ஒண்ணுதான் இருக்குதா ஊர்ல?"

திரும்பி வரும்போது, "கெடைச்ச ஒரு வரிய வேணாம்னுட்டியே, பைத்தியமா நீ?" என்று கேட்டேன். அவள் பெட்டிக்கடையில் நின்று ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கினாள்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு படிப்பகம் இருந்தது. அதன் வெளிச்சுவரில் கரும்பலகை உண்டு. தினமும் ரேடியோவில் கேட்ட செய்தியைக் கோதண்டபாணி என்கிற பையன் அதில் அழகாக எழுதுவான். அவனுக்கு ஆவடியில் வேலை கிடைத்துப் போனதிலிருந்து பலகை காலியாகக் கிடந்தது. மறுநாள் காலை பால் வாங்கப் போனவர்கள் திரும்பி வரவில்லை. என்னவென்று நானும் போனேன். பலகை நிறைய எழுத்து. மணி அடிப்பவர் மகளின் குண்டுக் கையெழுத்து.

"பிள்ளையார்பாளையம், செப். 18. செல்லியம்மாளின் கணவர் (வயது 45, மாநிறம்) நேற்று டீக்கடை எதிரில் சைக்கிளோடு சாய்ந்தார். வேட்டி கிழிந்தது. குடும்பத் தகராறு காரணமா என்று விசாரிக்கப்படுகிறது."

கீழே இன்னொன்று.

"கிருஷ்ணவேணி அம்மாளும் பிள்ளைகளும் மாகறல் கோயிலுக்குப் போய் வந்தார்கள். துணைக்கு ஒரு ஆணும் போயிருந்தார்."

அந்தச் செல்லியம்மாள் கணவருக்கு ராஜகோபால் என்று பெயர். பெரிய மீசை. தெருவில் பாதிப் பேருக்கு அவர் மனைவி பெயரே அன்றுவரை தெரியாது. எதைப் பார்த்துக்கொண்டு சைக்கிளை விட்டார் என்பது எனக்குத் தெரியும், அது இங்கே தேவையில்லை. மீசையை நீவிக்கொண்டு வடிவாம்பாள் வீட்டுக்கு வந்தார்.

"இன்னாமா எழுதி வச்சிருக்கிற? எனக்குப் பேரு இல்லியா?"

"சேதி பொய்யாண்ணா?"

"பொய்யின்னு சொல்லல..."

"நீ செல்லியம்மா புருஷன் இல்லியா?"

"ஆமாம்மா, அதுக்காக..."

"அப்போ பேப்பர்காரங்க எழுதற மாதிரிதான் எழுதியிருக்குது. போய் அவங்களைக் கேளு."

அதுதான் அவள் வைத்த சட்டம். பொய் ஒரு வரி கிடையாது. நடந்ததை மட்டும் எழுதுவாள், எங்கள் பத்திரிகை பெண்களைப் பற்றி எழுதுகிற விதத்தில் ஆண்களைப் பற்றி எழுதுவாள். அவ்வளவுதான். மூன்றாம் நாள், "மங்கை என்பவரின் கணவர் நெசவாளர் சங்கத்தில் காரியதரிசியாக இருக்கிறார். மூன்று குழந்தைகள். குடும்பத்தையும் கவனித்துக்கொண்டு வேலைக்கும் போகிறார். சிரித்தால் அழகாக இருப்பார்" என்று வந்தது. அப்பாதுரை ஒரு வாரம் சிரிக்கவேயில்லை. பூவம்மாள் வேலைக்குப் போகிற வழியில் நின்று, யாரையாவது படித்துக் காட்டச் சொல்லி, "இன்னொரு தபா படி" என்பாள்.

என்னையும் விடவில்லை. "காந்தாவின் கணவர் செய்தி சேகரிக்கப் போனார். வழியில் மூன்று போண்டா தின்றார். செய்தி கிடைக்கவில்லை." என் மனைவி காந்தாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ சொல்லி, அவள் பலகை முன்னால் நின்று தன் பெயரின் மூன்று எழுத்தையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு போடும்போது, "போண்டா தின்ன வயிறு, போதுமா?" என்று கேட்டாள்.

ஐந்தாம் நாள் பலகையை யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள். ஆண்கள் எல்லாரும் அப்பாடா என்றிருந்தோம். மறுநாள் காலை ஒரே ஒரு செய்தி.

"பலகையை ஒரு ஆண் அழித்தார். அழித்தவரைப் பார்த்தவர்கள் உண்டு. அவர் மனைவியின் பெயர் நாளை."

பிற்பாடு அதை யாரும் தொடவில்லை. அழித்தவர் யார் என்று எனக்குத் தெரியும். அவரே சாயந்திரம் போய் அவளுக்கு ஒரு புது சாக்பீஸ் பெட்டி வாங்கிக் கொடுத்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் இருபத்தேழாம் தேதி புதன்கிழமை வந்துவிட்டது. சனிக்கிழமை கடைசி நாள். நடுவில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அதில் மறுப்பு வராவிட்டால் எவ்வளவு சிரித்தும் பிரயோஜனமில்லை, அப்பாதுரை மேசையில் எங்கள் பழைய பேப்பர்தான் இருக்கும். முனுசாமி என்னிடம் வந்து, "ஒரு வரி போடறேன்னாரே, அதையாவது வாங்கிக்கலாம்னு சொல்லுண்ணா. அவ ராவெல்லாம் தூங்கல" என்றார். நான் போய்ச் சொன்னேன். வடிவாம்பாள் தறியை விட்டு எழுந்திருக்காமல் பேசினாள்.

"உதவின்னு போட்டா அப்பாதுரை இன்னா சொல்வாரு? 'உதவி பண்றவங்களுக்கு சங்கத்துல எடமில்லமா'ம்பாரு. உதவிங்கற அந்த ஒரு வார்த்தைதான்ணா பூவம்மாவ தெருவுல வுட்டுது. கெடைக்கலன்னா கெடைக்காம போவட்டும். நான் அந்த வரிய வாங்க மாட்டேன்."

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். வம்பு பேசுகிறவனுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். சக்ரவர்த்தி வீட்டுத் திரைக்குப் பின்னால் நடப்பதை அவளிடம் சொல்லிவிட்டேன். எங்கள் பத்திரிகையின் புரூஃபை ஒன்பது வருஷமாகத் திருத்துவது அவர் மனைவி வத்ஸலாம்மாள். நான் எழுதுகிற தமிழைத் தமிழாக்குவதும் அவர்தான். தலையங்கம் முக்கால்வாசி அவருடையது. வடிவாம்பாள் நாடாவைக் கீழே வைத்தாள்.  எழுந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு போனாள்.

"சின்ன காஞ்சிபுரம் வத்ஸலா அம்மாள் வாரப் பத்திரிகை நடத்தி வருகிறார். அவருடைய கணவர் உதவுகிறார்."

அதை ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். செய்தியை ஆசிரியரிடம் சேர்ப்பதுதானே என் வேலை. சக்ரவர்த்தி படித்தார். காது சிவந்துவிட்டது.

"யாருய்யா இவளுக்குச் சொன்னது?"

"ஊர் பேசுதுங்க" என்றேன்.

"மானநஷ்ட வழக்குப் போடறேன்! உதவறேனாம்! நான் உதவறேனாம்!"

திரை விலகியது. வத்ஸலாம்மாள் கையில் பென்சிலோடு வந்தார். ஆபீஸுக்குள் அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காகிதத்தை வாங்கிப் படித்தார். ஒற்றெழுத்து எல்லாம் சரியா என்று பார்க்கிற மாதிரி நிதானமாகப் படித்தார்.

"ஏன்னா, இதுல பிழை எங்கே இருக்கு? சொல்லுங்கோ, திருத்தித் தரேன்."

"நீயுமா? நான் உதவறேன்னு எழுதியிருக்காளே!"

"ஒரு வார்த்தைக்கு இத்தனை கோபம் வரதே உங்களுக்கு. அவளுக்கு வந்தா மட்டும் பிடிவாதமா? அன்னிக்கு நான் திரைக்குப் பின்னாடி கேட்டுண்டுதான் இருந்தேன். ஸ்திரீகள் சொன்னதைப் போடறதில்லைன்னு சொன்னேளே. போன வாரத் தலையங்கம் யார் சொன்னது?"

சக்ரவர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துணியைத் தேடினார். துணி மேசை மேலேயே இருந்தது, அவருக்குத் தெரியவில்லை.

வத்ஸலாம்மாள் என் பக்கம் திரும்பினார். "பழனி, மூணாம் பக்கம் இன்னும் அச்சேறலை. நீ போய் அவளைக் கேட்டு எழுதிண்டு வா. அவ என்ன சொல்றாளோ அதை எழுது. அலங்காரம் பண்ணினா நான் அடிச்சுடுவேன்."

ஓடினேன். வடிவாம்பாள் முன்னால் நோட்டை விரித்து உட்கார்ந்தேன். ஒரு பெண்ணிடம் நான் எடுத்த முதல் பேட்டி. என்ன கேட்பது என்று தெரியாமல், பழக்க தோஷத்தில், "உன் வூட்டுக்காரரு இன்னா சொல்றாரு?" என்று கேட்டுவிட்டேன்.

"அவரு தண்ணி புடிக்கப் போயிருக்காரு. நீ எழுதுண்ணா" என்றாள்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் பக்கத்தில் இப்படி வந்தது.

"ஆகஸ்ட் மாதம் இந்தப் பத்திரிகையில் வெளியான செய்தி தவறு. கோர்வைச் சேலையைத் தனி ஒருவரால் நெய்துவிட முடியாது. பரிசு பெற்ற சேலையை நெய்தவர்கள் வடிவாம்பாள், முனுசாமி. வடிவாம்பாள் கூறியதாவது: பதினெட்டு வருஷமாக மறு கரை நாடா என் கையில் இருக்கிறது. என் கணவர் இல்லாமல் என்னால் அந்தச் சேலையை நெய்ய முடியாது. நான் இல்லாமல் அவராலும் முடியாது. இதற்குப் பெயர் உதவி இல்லை. நான் நெசவாளி."

சனிக்கிழமை காலை சங்கத்துக்கு நானும் போனேன், செய்திக்காக. வடிவாம்பாள் பேப்பரை அப்பாதுரை மேசையில் விரித்தாள். அவர் மூன்று தடவை படித்தார். மேசை இழுப்பறையைத் திறந்து பழைய பேப்பரை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். பிறகு பழையதை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"சரிம்மா. சேத்துக்கறேன். ஆனா புருஷன் சம்மதம்னு ஒரு கையெழுத்து வேணும். முனுசாமி வெளியிலதான நிக்கறாரு? கூப்பிடு."

"அவரு சேந்தப்போ என் கையெழுத்து கேட்டீங்களா?"

"அது வேறம்மா. இது எப்பவும் இருக்கற நடைமுறை."

வடிவாம்பாள் வாதாடவில்லை. வாசல் பக்கம் திரும்பி, "பூவம்மாக்கா, உள்ள வா" என்றாள். பூவம்மாள் வெள்ளைப் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். அவள் கையிலும் ஒரு விண்ணப்பம் இருந்தது, வடிவாம்பாளின் குண்டுக் கையெழுத்தில். இரண்டையும் அப்பாதுரை முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இவங்க இருபது வருஷம் நெஞ்சவங்க. இவங்களுக்கு யாரு சம்மதம் தரணும்னு சொல்லுங்க. சுடுகாட்டுக்குப் போய் எழுப்பிக்கினு வர்றேன்."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்னால் யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். நானாக இருக்கலாம். அப்பாதுரை எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார். கடைசியில் வாசலைப் பார்த்தார். முனுசாமி இரண்டு கையாலும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், உள்ளே வருகிற மாதிரி தெரியவில்லை.

"பேரு சொல்லும்மா" என்று அப்பாதுரை பேனாவைத் திறந்தார்.

"மொதல்ல அக்கா பேரை எழுதுங்க" என்றாள் வடிவாம்பாள். "அவங்க தறி மூடிக் கெடக்குது."